கிராணிக்குப் போன நடை

அந்தப் படத்தை நிறுத்துங்க தம்பி. கோவிச்சுக்கிடாதிய. போன் உங்க போன்தான், டிக்கெட்டும் நீங்க எடுத்த டிக்கெட்டுதான், நான் இல்லங்கலை. ஆனா கப்பல் பொம்மைப் படத்தை என் கண்ணு முன்னால ஓட்டாதிய. எனக்குக் குமட்டும். நிசமாவே குமட்டும். ஜன்னல் பக்கம் இருக்கது நான்தான், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் வேண்டாம்.

என்ன கப்பல் அது? மூழ்குற கப்பலா? அதானே பாத்தேன். எல்லாவனுக்கும் மூழ்குற கப்பல்தான் வேணும். ஒழுங்கா சரக்கை ஏத்திக்கிட்டுப் போய், ஒழுங்கா இறக்கிட்டு, ஒழுங்கா வீடு வந்து சேந்த கப்பலை எவன் படம் எடுக்கான்? ஒருத்தனும் எடுக்க மாட்டான். சாவைக் காட்டணும், தண்ணிக்குள்ள பொம்மை முழிக்கதைக் காட்டணும். ச்சீ. அதுக்குப் பேரு வரலாறாம். வரலாறுக்கு உயிர் குடுக்காவளாம்.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. நான் நீட்டிக்கிடணும்.

என் பேரு கஸ்பார் மோத்தா. ஊரு தூத்துக்குடி. எங்க வீட்டைத் தோணிக்கார வீடும்பாவ. தோணின்னா துடுப்புப் போடுறதுன்னு நினைக்காதிய. பாய்மரம் கட்டின பெரிய மரக்கப்பல், வெங்காயமும் கூரை ஓடும் ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போகும். எங்க அப்பாவுக்கு அதுல மூணு இருந்துச்சு. நான் கடல்ல போனது கம்மிதான். ஒரு தடவை கொழும்புக்குப் போனேன். வரும்போது திருச்சிக்கு விமானத்துல வந்துட்டேன். முதலாளி கடல்ல போகணும்னு இருக்கா என்ன? அதுக்குத்தான் தண்டல் இருக்கான். தண்டல்னா தோணிக்குக் கேப்டன்.

கடைசி வரிசையில நீலச் சேலை கட்டி, மடியில பையை வச்சுக்கிட்டு ஒருத்தி இருக்காள்லா, அவதான் என் வீட்டுக்காரி, சலேத்து. ஐயோ, நீங்க எதுக்கு எழுந்திரிக்கிய? இருங்க இருங்க. அவளுக்கு எங்கனாலும் சரிதான். மதுரை மாட்டுத்தாவணியில வண்டி மாறும்போது, இந்தப் பஸ்சு வந்து நின்ன உடனே ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிச்சேன். என்ட்ட இருந்தது ஒரு துண்டு. ஒரு துண்டுக்கு ஒரு சீட்டு. அவ என்ன செய்தா தெரியுமா? கைப்பிள்ளைக்காரி ஒருத்தியை முன்னால ஏறவிட்டா. பெறகு ஒரு கிழவரை ஏத்திவிட்டா. பெறகு அந்தக் கிழவரோட சாக்கை. எல்லாம் ஏத்திட்டு இவ ஏறினா கடைசி வரிசைதான் கிடைக்கும். அவ சுபாவம் அப்படி. காலம்பூரா அப்படித்தான். நான் என்ன செய்ய?

மெட்ராசுக்கு எதுக்குப் போறோம்னு கேக்கிய. இது மாதிரி பொம்மைப் படம் எடுக்க ஒரு கம்பெனிக்குத்தான். அவங்க எடுத்த படத்தை அவங்க கையாலயே மாத்த வைக்கப் போறேன். அதுக்குத்தான் இவளையும் கூட்டிட்டுப் போறேன். இவ வந்தாத்தான் முடியும்ங்காவ. அதைத்தான் என்னால தாங்கிக்கிட முடியலை.

முதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க. நல்லா உருளும் வண்டி, நேரம் கிடக்கு.

போன வருசம் ஈஸ்டர் முடிஞ்சு ஒரு பிள்ளை வந்தா. பேரு அபிதா. தலைமுடியைக் கிராப்பு வெட்டி, கண்ணாடி போட்டு, மெட்ராஸ்காரி. கூட கேமராவோட ரெண்டு பயலுவ. எங்க ஊருல பழைய துறைமுகம் பக்கம் புதுசா ஒரு கண்காட்சி மண்டபம் கட்டினாவ. அதுல ஓட்டுததுக்கு ஒரு படம். பேர்போன கப்பல்களோட கதை. சோழன் கப்பல் ஒண்ணு, போர்ச்சுக்கீசுக்காரன் கப்பல் ஒண்ணு, நீராவிக் கப்பல் ஒண்ணு, கடைசியில எங்க ஊருத் தோணி ஒண்ணு. அந்தத் தோணி பேரு அடைக்கலமாதா. எங்க தோணி இல்ல அது, வேற குடும்பத்துத் தோணி. எங்க தாத்தா காலத்துல புயல்ல உடைஞ்சு போச்சு. தண்டல் ஆளுகளையெல்லாம் வள்ளத்துல, அதான் சின்னப் படகுல, இறக்கிவிட்டுட்டு, கடைசி வரைக்கும் மேல நின்னு, தோணியோடயே போயிட்டாரு. எல்லாரும் பிழைச்சாவ, அவரு ஒருத்தர்தான் போனாரு. அதான் கதை. எங்க ஊருல சின்னப்பிள்ளையும் சொல்லும்.

அந்தப் பிள்ளை சொல்லுது, "அங்கிள், எங்களுக்கு உருவம் வரையத் தெரியும். ஆனா தோணிக்காரங்க எப்படி நடப்பாங்க, எப்படி நிப்பாங்கன்னு தெரியாது. ஒருத்தரை நடக்கச் சொல்லி வீடியோ எடுத்துக்குவோம். அதைப் பாத்து பொம்மையை அசைப்போம். முகம் வேற போடுவோம். அசைவு மட்டும் உங்களோடது." அதாவது என் நடைதான் தண்டல் நடை. என் கைதான் தண்டல் கை.

தம்பி, நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இருக்காதா? முடிவெட்டுற கடையில சொன்னேன், டீக்கடையில சொன்னேன், பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நின்னு சொன்னேன். என் மச்சினன் லம்பர்ட்டு, சலேத்தோட தம்பி, அவன்ட்ட மூணு நாலு தடவை சொன்னேன். "தண்டல் நடை என் நடைதாம்ல." அவன் பல்லைக் காட்டினான். அப்பமே அவன் பல்லைத் தட்டிருக்கணும்.

ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிச்சு அங்கன வச்சு எடுத்தாவ. சாப்பாட்டுப் பெஞ்சு எல்லாத்தையும் சேத்துப் போட்டு அதுதான் தோணியாம். கீழ ஒரு ஜமுக்காளத்தை விரிச்சு அதுதான் வள்ளமாம். மூணு பக்கமும் கேமரா. சலேத்தை நான் எதுக்குக் கூட்டிட்டுப் போனேன்னா எனக்குப் பிளாஸ்க்குல காப்பியும் மாத்திரையும் கொண்டு வரணும்லா, அதுக்குத்தான். அவ நடிக்க வரலை. அதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. அவளை ஒருத்தரும் நடிக்கச் சொல்லலை.

பெஞ்சு மேல ஏறி நடந்தேன். கையைப் பின்னால கட்டி, நெஞ்சை நிமித்தி, எங்க அப்பா சரக்குக் கிட்டங்கியில நடக்க மாதிரி. அந்தப் பிள்ளை என்ன சொல்லுதுங்கிய? "அங்கிள், நடிக்காதீங்க. நீங்க நீங்களா இருங்க, போதும்." நான் நானாத்தான் இருக்கேன், பின்ன வேற யாரா இருக்கேன்? சரின்னு மறுபடி நடந்தேன். பெறகு புயல்னு சொல்லி அந்தப் பயலுவ பெஞ்சைப் பிடிச்சு ஆட்டினானுவ. எழுபது வயசுக்காரனைப் பெஞ்சுல நிக்க வச்சு ஆட்டுதது எந்த ஊரு மரியாதை? எனக்குத் தலை சுத்திட்டு. "ஏட்டி, பிடி"ன்னேன். அவ செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறி வந்து என் கையைப் பிடிச்சா. அப்படித்தான் அவ பெஞ்சு மேல வந்தா. பிளாஸ்க்கோட.

பெஞ்சு மேல எங்களோட நாலஞ்சு பேரு நின்னாவ, மண்டபத்துல பந்தி விளம்புற ஆளுக. அவங்கதான் தோணி ஆளுகளாம். அப்ப அந்தப் பிள்ளை சத்தம் போட்டுச் சொல்லுச்சு: "தோணி முழுகுது. வள்ளம் வந்துடுச்சு. இப்ப என்ன செய்வீங்களோ செய்ங்க."

நான் இறங்கினேன்.

என்ன அப்படிப் பாக்கிய? வள்ளம் வந்துட்டுன்னா இறங்கணும்லா. என் கைப்பையைக் கக்கத்துல இடுக்கினேன், அதுல ஆதார் கார்டுலாம் இருக்கு, விட்டுட்டுப் போக முடியுமா? இடுக்கிக்கிட்டு ஜமுக்காளத்துல இறங்கி நடுவுல உக்காந்தேன். நடுவுல உக்காந்தாத்தான் வள்ளம் சாயாது. முதலாளி முதல்ல இறங்கி வள்ளம் தாங்குமான்னு பாக்கணும், தாங்கினா மத்தவங்களைக் கூப்பிடணும். இது ஒரு பொறுப்பு. அந்தப் பிள்ளை அந்தப் பயலுவ முகத்தைப் பாத்துச்சு. பெறகு, "சூப்பர் அங்கிள், இன்னொரு தடவை"ன்னுச்சு. இன்னொரு தடவை இறங்கினேன். மறுபடியும்னுச்சு, இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் வேகமா, இன்னும் நல்லா இறங்கினேன். நல்லாச் செய்யுதேன் போலன்னு நினைச்சேன். மடையன்.

இவ என்ன செய்தா தெரியுமா? அந்தப் பந்தி ஆளுகளை ஒவ்வொருத்தனாத் தோளைப் பிடிச்சு இறக்கிவிட்டா. "பாத்து, பாத்து, மெதுவா"ன்னு. விளையாட்டுக்கு ஆட்டுத பெஞ்சுல இருந்து இறங்க, ஏதோ கிணத்துல இறங்குத மாதிரி. எல்லாரும் இறங்கின பெறகு, பெஞ்சு காலியாக் கிடக்கு, அவ திரும்பி அந்தக் கடைசி வரைக்கும் ஒரு பார்வை பாத்தா. யாரும் மிச்சம் இருக்காவளான்னு. அங்கன பழைய சாம்பார் வாளிதான் கிடந்துச்சு. அதைப் பாத்துட்டு நின்னா. "ஆன்ட்டி, அதே மாதிரி இன்னொரு தடவை பண்ணுங்க"ன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. இவளுக்குப் புரியலை. "எதை மாதிரிம்மா? நான் ஒண்ணும் செய்யலையே"ன்னா. பாத்தியளா, அவளுக்கே தெரியாது. தெரியாம செய்ததுக்கு இவ்வளவு பேரா?

காப்பியைக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். பெறகு மழைக்காலம் முடியுத வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. பொம்மைப் படம் லேசுல முடியாதாம்லா. அலைக்கு மட்டும் தனியா ஆள் போட்டு மாசக்கணக்கா வேலை செய்தாவளாம். தண்ணியை வரையுததுதான் கஷ்டமாம். இருக்கும், அலை நல்லாத்தான் இருந்துச்சு. அலையைக் குறை சொல்ல மாட்டேன்.

திறப்பு விழாவுக்கு என் சொந்தம் பூராவையும் கூட்டிட்டுப் போனேன். மணப்பாட்டுல இருந்து கொழுந்தியா குடும்பம், லம்பர்ட்டு குடும்பம், பக்கத்து வீட்டுக்காரங்க. முன் வரிசையில நடுவுல உக்காந்தேன். சலேத்து எங்கயோ ஓரத்துல. லைட்டை அணைச்சாவ. முதல்ல சோழன் கப்பல் வந்துச்சு. சோழன் கப்பல் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவன் எவன் இருக்கான்? ஆனா இவங்க கப்பலுக்கு முன்னால ஒரு புலித்தலை, அது கண்ணுல ரெண்டு லைட்டு, வாய்ல புகை. ஏதோ பொருட்காட்சி ராட்டினம். போர்ச்சுக்கீசுக்காரன் தாடியில ஒவ்வொரு மயிரும் தனித்தனியா ஆடுது. அதுக்கெல்லாம் கை தட்டுதானுவ. எனக்கு அப்பமே வெறுத்துட்டு. ஆனாலும் கடைசி கப்பலுக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்தேன்.

அடைக்கலமாதா வந்துச்சு. பாயை விரிச்சுக்கிட்டு அழகா வந்துச்சு. தண்டல் வந்தாரு. நல்ல முகம், பெரிய மீசை, அகலமான நெஞ்சு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுட்டு. இப்ப நடப்பாரு, நம்ம நடை வரும்னு பாக்கேன். நடக்காரு. சின்னச் சின்ன எட்டு. இடது காலை லேசா இழுத்து இழுத்து. சலேத்துக்கு இடது முழங்கால்ல வலி தம்பி, ரொம்ப வருசமா. அந்த மீசைக்காரன், அந்த நெஞ்சுக்காரன், என் பொஞ்சாதி முழங்கால் வலியோட நடக்கான். புயல் அடிக்குது, ஆளுக பயந்து கத்துதாவ, தண்டல் கையைக் கீழ பாத்து ரெண்டு தட்டு தட்டுதாரு, காத்தைத் தட்டுத மாதிரி. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." எங்க பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா அவ அப்படித்தான் தட்டுவா.  அருவருப்பா இருந்துச்சு. ஆம்பளை உடம்புல பொம்பளை கையை ஒட்டி வச்சிருக்கான்.

சரி, என் நடை எங்க? அதைத்தானே கேக்கிய? நானும் தேடுதேன். ஆளுகளுக்கு நடுவுல தேடுதேன். அப்பதான் அந்தக் கிராணி வந்தான்.

கிராணின்னா தோணியில சரக்குக் கணக்குப் பாக்கிறவன். உள்ளபடி அடைக்கலமாதாவுல கிராணின்னு ஒருத்தன் இருந்தானான்னே எனக்குத் தெரியாது. இவங்களாச் சேத்திருக்காவ, சிரிப்புக்கு. ஒல்லியா, எலி மூஞ்சியா, தொப்பி வச்சு ஒருத்தன். வள்ளம் வந்துச்சு. அந்தக் கிராணி பையைக் கக்கத்துல இடுக்கினான். கழுத்தைத் தோளுக்குள்ள இழுத்தான். முழங்கையை ரெண்டு பக்கமும் விரிச்சான். முன்னால மட்டும் பாத்துக்கிட்டு குடுகுடுன்னு இறங்கி வள்ளத்துக்கு நடுவுல போய் உக்காந்தான். உக்காந்து சட்டையைத் தட்டி விட்டுக்கிட்டான். நான் சட்டையைத் தட்டினேன்னு எனக்கே தெரியாது.

"எல, கஸ்பாரு போறாம்ல"ன்னான் லம்பர்ட்டு. இருட்டுல, அத்தனை பேருக்கு நடுவுல.

மண்டபம் பூரா சிரிச்சுச்சு. முகத்தை வேற ஆளு முகமா மாத்தியும் எல்லாவனுக்கும் தெரிஞ்சுட்டு. முதுகை வச்சே கண்டுபிடிச்சிட்டானுவ. மணப்பாட்டுக் கொழுந்தியா வாய்ல முந்தானையை அடைச்சுக்கிட்டுக் குலுங்குதா. எனக்கு அங்கனயே செத்துரலாம்னு இருந்துச்சு.

அன்னையில இருந்து எனக்குப் பேரு கிராணி. எழுபது வருசம் மோத்தா முதலாளின்னு கூப்பிட்ட வாய் எல்லாம் கிராணிங்குது. ஞாயித்துக்கிழமை கோயில்ல நன்மை, அதான் நற்கருணை, வாங்க வரிசையில நிக்கேன், முன்னால நிக்கவன் ஒதுங்கி, "கிராணி, நீங்க முதல்ல போங்க"ங்கான். அவனுக்கு முன்னால நிக்கவனும் ஒதுங்குதான். வரிசை பூரா ஒதுங்குது. தேவனோட சந்நிதியில. எவ்வளவு கேவலம் பாருங்க. போனேன், பின்ன வழி விட்டா போகாம என்ன செய்ய?

லம்பர்ட்டு இதோட நிக்கலை. அந்த டிசம்பர் வெள்ளத்தை இழுத்தான். எங்க ஊருல வெள்ளம் வந்தது உங்களுக்குத் தெரியும்லா? எங்க தெருவுக்குப் படகு வந்துச்சு. அதுல முதல்ல யாரு ஏறினான்னு கேக்கான். நான்தான் ஏறினேன், அதுக்கென்ன? படகுக்காரப் பையன் வாசல்ல வந்து கூப்பிடுதான், யாராவது ஒருத்தர் முதல்ல ஏறித்தானே ஆகணும். எல்லாரும் நீ போ நீ போன்னு நின்னா படகு நிக்குமா? இவ பக்கத்து வீட்டு மாடியில, கை கால் விழுந்து கிடந்த ஒரு அம்மாவைப் பாக்கப் போயிட்டா. படகு நிறைஞ்சுட்டு, போயிட்டு. அடுத்த படகு மறுநாள் காலையிலதான் வந்துச்சு. படகு இறக்கிவிட்ட பள்ளிக்கூடத்துல நான் ராத்திரி பூரா என்ன பாடு பட்டேன்னு எவனாவது கேட்டானா? என் பிரஷர் மாத்திரை டப்பா அவ பையில. யோசிச்சாளா அவ? மனுசன் மாத்திரை இல்லாம இருப்பானேன்னு ஒரு நினைப்பு வேண்டாமா? வந்த உடனே சத்தம் போட்டேன். இடுப்பு வரைக்கும் சேறு, அப்படியே நின்னு கேட்டுக்கிட்டா. பெறகு மாத்திரையை எடுத்துக் குடுத்தா.

இதையெல்லாம் அந்தக் கம்பெனிக்காரிக்கு யாரு சொன்னாவன்னு எனக்கு ஒரே சந்தேகம். ஒருத்தரும் சொல்லலைங்குது அந்தப் பிள்ளை. "நீங்க செஞ்சதைத்தான் அங்கிள் போட்டோம்"ங்குது.

என்னை விடுங்க. இவளைப் பத்திச் சொல்லணும். படம் முடிஞ்சு வரும்போது இவ சிரிக்கலை.  சரி, புருசனுக்கு வந்த அவமானத்தை நினைச்சு வருத்தப்படுதான்னு நினைச்சேன். மறுநாள் சாயங்காலம் ஆளைக் காணோம். தனியாப் போய் மறுபடியும் அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்திருக்கா. அதுக்கு அடுத்த வாரமும் போனா. "என்னத்தட்டி பாக்கப் போறே, என் மானம் போறதையா?"ன்னு கேட்டேன். அவ சொல்லுதா, "உங்களைப் பாக்கலை. தண்டலைப் பாத்தேன். எல்லாரும் இறங்கிப் போன பெறகு தனியா நிக்காருல்லா, பாவமா இருந்துச்சு. வள்ளத்துல இருந்து ஒருத்தருமே அவரைத் திரும்பிப் பாக்கலை." சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. போய்ப் பாத்தா அழுதுக்கிட்டு இருக்கா. பொம்மைக்கு அழுதா தம்பி. நான் உசிரோட அவமானப்பட்டு நிக்கேன், அவ பொம்மைக்கு அழுதா. எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

அபிதாவுக்குப் போன் போட்டேன். கிழி கிழின்னு கிழிச்சேன். அது பொறுமையாக் கேட்டுட்டு, "மாத்திடலாம் அங்கிள். ஆனா உங்க அசைவும் ஆன்ட்டி அசைவும் அந்த சீன்ல சேந்தே இருக்கு. தனியாப் பிரிக்க முடியாது. ரெண்டு பேரும் வந்து இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க. நீங்க எப்படிச் செய்றீங்களோ அப்படியே போட்டுடறேன்"ன்னுச்சு. என் கணக்கு இதுதான்: கிராணி வள்ளத்துல இறங்கிட்டு, நின்னு, திரும்பி, தண்டலைப் பாப்பான். கையை நீட்டுவான். அவ்வளவுதான் மாத்தணும். கழுத்தை ஒரு திருப்புத் திருப்பணும். பெரிய வேலையா அது?

"மாத்தச் சொல்லுவோம், நீயும் வா"ன்னு இவள்ட்ட சொன்னேன்.

"எதை மாத்த?"

"என் நடையைத்தான்."

"உங்க நடையை அவங்க எப்படி மாத்துவாங்க?"ங்கா. கேலியாவும் சொல்லலை. தெரியாமக் கேக்க மாதிரி கேக்கா. அதான் எரிச்சல்.

வீட்டுல பழகிப் பாத்தேன். கட்டிலை ஓரமாத் தள்ளி, பாயை விரிச்சு, முக்காலியில இருந்து இறங்கி, திரும்பினேன். பத்து நாளாப் பழகுதேன். பீரோக் கண்ணாடியில பாத்தா நல்லாத்தான் வருது. இவளை முக்காலிக்குப் பின்னால நிறுத்தி, "எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "திரும்புதிய"ன்னா. "நல்லாருக்கா?"ன்னேன். "திரும்புதிய. பாக்கலை"ன்னா. என்னத்தைப் பாக்கணும்ங்கா, எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரியுதா? பொம்பளைங்க பேச்சு இப்படித்தான், ஒண்ணைச் சொல்லி அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க. ஆனா வாரேன்னு சொல்லிட்டா. வாரேன்னா வந்துருவா, அது ஒரு நல்ல குணம் அவள்ட்ட. சின்னப் பை ஒண்ணு எடுத்துக்கிட்டா, என் துணி எல்லாத்தையும் தனிப் பெட்டியில அடுக்கி வச்சா. நாளைக்கு ரெண்டு பேரும் செஞ்சு காட்டினா முடிஞ்சுட்டு. என் பேரு திரும்பிரும்.

வண்டி நிக்குது போல. மோட்டலா? எழுந்திரிங்க தம்பி, எழுந்திரிங்க. முதல்ல இறங்கினாத்தான் பாத்ரூமுல கூட்டம் இருக்காது. அந்தத் துண்டைச் சீட்டுலயே போட்டுட்டு வாங்க.

வந்துட்டியளா? வண்டி நகர ஆரம்பிச்சுட்டு. உக்காருங்க. டீயா அது? கழுநீர். ரெண்டு வாய் குடிச்சேன், நாக்கெல்லாம் வழவழங்குது. பாத்ரூமைப் பத்திப் பேசவே வேண்டாம். செருப்பைக் கழுவிட்டு வந்திருக்கேன். இந்த நாட்டுல ஒரு இடம் மனுசன் போற மாதிரி இருக்கா? அதான் சட்டுன்னு வந்து ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர் எல்லாரும் ஏறியாச்சான்னு கேட்டான், ஒருத்தனும் வாயைத் திறக்கலை. நான்தான் "ஏறியாச்சு, எடுங்க"ன்னு குரல் குடுத்தேன். இல்லன்னா இன்னும் அங்கனதான் நாறிக்கிட்டு நின்னிருப்போம்.

என்ன?

சலேத்தா? ஏறிருப்பா. எங்க போவா? பின்னாலதான் இருப்பா.

எதுக்கு எட்டி எட்டிப் பாக்கிய? கடைசி வரிசைதான். நீலச் சேலை. அந்தக் கைப்பிள்ளைக்காரிக்குப் பக்கத்துல.

காலியா? சரியாப் பாருங்க. பிள்ளையைப் படுக்க வச்சிருப்பா. இல்லையா? நகருங்க, நான் பாக்கேன். பையையும் காணோம். மடியில வச்சிருந்த பை. டீ குடிக்க இறங்குதவ பையை எதுக்கு எடுத்துட்டுப் போறா?

அந்தா. பின் கண்ணாடி வழியாப் பாருங்க. டீக்கடைப் பந்தலுக்கு முன்னால. அவதான். நிக்கா.

ஓடி வரலையே தம்பி. கையைத் தூக்கலை. ஒரு சத்தம் போட்டிருந்தா கண்டக்டர் விசில் அடிச்சிருப்பான். அந்தப் பந்தல்ல, வண்டிக்குப் பக்கத்துலதானே நின்னிருக்கா, நான் ஏறியாச்சுன்னு சொன்னது கேக்குத தூரத்துல. டம்ளர் கையில இருக்கு. குடிக்கா. பஸ்சைப் பாத்துக்கிட்டே குடிக்கா.

கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க. என்னது, பாலம் இறங்கித்தான் நிறுத்த முடியுமா? ஆள் விட்டுப் போச்சுய்யா. என் ஆளு. தம்பி, வழி விடுங்க. இல்ல, இருங்க, நகராதிய. நீங்க நகந்தா அந்தக் கண்ணாடி மறைக்குது. அவ சின்னதாத் தெரியுதா. இன்னும் நிக்கா. நான் இங்கன இருந்து பாக்கது அவளுக்குத் தெரியுமா தம்பி? கண்ணாடியில வெயிலு அடிக்குது. வெளிய இருந்து பாத்தா உள்ள இருக்க முகம் தெரியுமா?